மிரர்லெஸ் கேமராவுக்கான அல்ட்ரா வைட் ஜூம்: நிக்கான் இசட் 14-30 மி.மீ. எஃப்/4 எஸ் லென்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வீடுகளின் உட்புறத்தையும் திருமண மண்டபங்களையும் படமெடுக்கும் வேலையில் இந்த லென்ஸ் சில ஆண்டுகளாக என் பையில் இருக்கிறது. இதை வாங்கலாமா என்று கேட்பவர்களும், வாங்கிய பிறகு படம் சரியாக வரவில்லையே என்று கேட்பவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

அல்ட்ரா வைட் என்று எந்த லென்ஸைச் சொல்கிறார்கள்?

பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்கே சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 24 மி.மீ.க்கும் குறைந்த குவியத் தூரம் கொண்டவற்றை அப்படிச் சொல்வது வழக்கம். கோணத்தைச் சொன்னால் எளிதில் விளங்கும். 24 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை 84 பாகையைப் பார்க்கிறது, 14 மி.மீ. லென்ஸ் 114 பாகையைப் பார்க்கிறது. அறைக்குள் நிற்பவருக்குக் கோணத்தைவிட மீட்டர் கணக்கே உதவும். சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்று 24 மி.மீ.யில் எடுத்தால் சுவரில் நாலரை மீட்டர் அகலம் படத்துக்குள் வரும். அதே இடத்தில் நின்று 16 மி.மீ.யில் எடுத்தால் ஆறே முக்கால் மீட்டரும், 14 மி.மீ.யில் எடுத்தால் ஏழே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் வரும். ஆகவே, '16-க்கும் 14-க்கும் இரண்டு மில்லிமீட்டர்தானே வித்தியாசம்' என்று கடந்துவிட வேண்டாம். இந்தக் கடைக்கோடியில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஒரு சன்னலையோ ஒரு தூணையோ படத்துக்குள் கொண்டுவரும்.

மீன்கண் லென்ஸ் எனப்படும் ஃபிஷ் ஐ வேறு வகை. அதில் நேர்க்கோடுகள் வளைந்து விழும். நாம் பேசும் லென்ஸ் நேர்க்கோட்டை நேர்க்கோடாகவே காட்டும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இந்த லென்ஸின் அடிப்படை விவரங்கள் என்ன?

இது 2019ஆம் ஆண்டு ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. எடை 485 கிராம். மடக்கிய நிலையில் நீளம் 85 மி.மீ. உள்ளே 12 தொகுதிகளாக 14 கண்ணாடிகள் உள்ளன. எந்த ஜூம் நிலையிலும் அபெர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) எஃப்/4 வரை திறக்கலாம்; எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். 28 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யலாம். முகப்பில் 82 மி.மீ. ஃபில்டரைத் திருகி மாட்டலாம். 14 மி.மீ.யில் தொடங்கும் ஃபுல் ஃப்ரேம் ஜூம்களில் முகப்பில் ஃபில்டர் மாட்ட முடிந்த முதல் லென்ஸ் இதுதான் என்று நிக்கான் அறிவித்தது. அதற்கு முன்பு வந்த 14 மி.மீ. ஜூம்களின் முகப்புக் கண்ணாடி ஆட்டுக்கண் போலப் புடைத்துக்கொண்டு நிற்கும். அதன்மேல் ஃபில்டர் மாட்ட வழியில்லை.

பையிலிருந்து எடுத்தவுடன் ஜூம் வளையத்தைத் திருப்பி லென்ஸை விரித்தால்தான் படமெடுக்க முடியும். இல்லையென்றால் கேமரா திரையில் எச்சரிக்கை வரும். தாலி கட்டும் நேரத்தில் அந்த எச்சரிக்கையைப் பார்க்க நேர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மண்டபத்துக்குள் நுழையும்போதே லென்ஸை விரித்துவைத்துவிடுங்கள்.

மிரர்லெஸ் கேமராவுக்கென்று தனியாக வடிவமைப்பதால் உண்மையில் என்ன நன்மை?

டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குள் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவில் ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடி (மிரர்) ஒன்று மேலும் கீழும் அசைய வேண்டும். அதற்கு இடம் விடவேண்டியிருந்ததால் லென்ஸ் பொருந்தும் வளையமான நிக்கானின் பழைய எஃப் மவுண்டிலிருந்து சென்சார் வரை 46.5 மி.மீ. இடைவெளி இருந்தது. 14 மி.மீ. குவியத் தூரம் கொண்ட லென்ஸ், இயல்பாகத் தன் பின்னால் 14 மி.மீ. அளவிலேயே பிம்பத்தை விழச்செய்யப் பார்க்கும். அதை 46.5 மி.மீ.க்கு அப்பால் விழவைக்க, முன்புறத்தில் பெரிய குழிவில்லைகளை அடுக்கி ஒளியை முதலில் விரித்து, பின்பு குவிக்க வேண்டியிருந்தது. பழைய வைட் ஜூம்களின் பருமனுக்கும் எடைக்கும் பெரிய காரணம் இதுதான்.

மிரர்லெஸ் கேமராவில் அந்த மிரரே இல்லை. அதற்கான இசட் மவுண்டில் அந்த இடைவெளி 16 மி.மீ. மட்டுமே, மவுண்டின் உள்விட்டமும் 55 மி.மீ. என்று அகன்றிருக்கிறது. சென்சாருக்கு மிக அருகிலேயே கடைசிக் கண்ணாடியை வைக்கலாம் என்பதால் முன்புறத்தில் அவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. பலனை ஒரே நிறுவனத்தின் இரண்டு லென்ஸ்களில் பார்க்கலாம். 2007இல் டிஎஸ்எல்ஆருக்காக வந்த 14-24 மி.மீ. எஃப்/2.8 ஏறக்குறைய ஒரு கிலோ எடை கொண்டது. 2020இல் மிரர்லெஸ்ஸுக்காக வந்த அதே அளவு லென்ஸ் 650 கிராம்தான். டெலிஃபோட்டோ லென்ஸ்களில் மிரர்லெஸ் இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தரவில்லை. இந்த மாற்றத்தால் அதிகம் பயனடைந்தவை அகலக் கோண லென்ஸ்களே.

போனிலேயே 0.5 இருக்கிறதே, இதற்கு எதற்குச் செலவு?

பல போன்களில் 0.5 என்று காட்டும் அந்த அகலக் கோணக் கேமரா, ஃபுல் ஃப்ரேம் கணக்கில் சுமார் 13 மி.மீ.க்கு இணையானது, அகலத்தில் அது குறைந்ததல்ல. பகல் வெளிச்சத்தில் எடுத்து, போன் திரையிலேயே பார்ப்பதென்றால் அது போதும் என்றுதான் கேட்பவரிடம் சொல்வேன். வெளிச்சம் குறைந்த கூடத்தில், ஒரு பக்கம் பளீரென்ற முற்றமும் மறுபக்கம் இருண்ட மூலையுமாக இருக்கும்போதுதான் சிறிய சென்சார் திணறும்; மூலைகளில் விவரம் கரைந்து சாயம் பூசியதுபோல் ஆகிவிடும். படத்தைப் பெரிதாக அச்சடிக்கும் வேலை உங்களுக்கு இல்லையென்றால் அவசரப்பட வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடக்குவதற்குத்தானே இந்த லென்ஸ்?

வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஏமாறுவது இந்த எண்ணத்தால்தான். மலையுச்சியில் நின்று 14 மி.மீ.யில் எதிரே இருக்கும் பள்ளத்தாக்கை எடுத்துப் பாருங்கள். நேரில் பிரமாண்டமாக நின்ற மலை, படத்தில் அடிவானத்தில் ஒரு புடைப்பாகச் சுருங்கியிருக்கும். பாதிப் படம் வெறும் வானம், மீதிப் படம் வெறும் தரை. எல்லாம் அடங்கிவிட்டது, ஆனால் பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

இந்த லென்ஸின் இயல்பு வேறு. அருகில் இருப்பதை மிகப் பெரிதாகவும் தொலைவில் இருப்பதை மிகச் சிறிதாகவும் அது காட்டுகிறது; சரியாகச் சொன்னால், அவ்வளவு அருகில் போய் நின்றும் சுற்றுப்புறத்தை இழக்காமல் எடுக்க நம்மை அனுமதிக்கிறது. ஒரு பித்தளை அண்டா லென்ஸிலிருந்து அரை மீட்டர் தொலைவில் இருக்கிறது, பின்சுவர் 10 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அரை மீட்டர் பின்னால் நகர்ந்தால் படத்தில் அண்டா பாதியாகச் சிறுத்துவிடும். சுவரோ நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே சிறுக்கும். ஒரே ஒரு எட்டு வைத்ததில் படத்தின் முக்கியப் பாத்திரமே மாறிப்போகிறது. 85 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டு தெருவின் கோடியில் நிற்பவருக்கு ஓர் எட்டு ஒரு பொருட்டே இல்லை. இங்கே முழங்காலை மடக்கிக் கேமராவை ஒரு சாண் இறக்கினாலே வேறு படம் கிடைக்கும்.

அதனால், இந்த லென்ஸை மாட்டியவுடன் பின்னால் நகராமல் முன்னால் நகருங்கள். முன்புறத்தில் கோலமோ படிக்கட்டோ ஈரப் பாறையோ, கண் நிற்பதற்கு ஏதாவது ஒன்று இருக்கட்டும். அது கிடைக்காத இடத்தில் 30 மி.மீ.க்குத் திருப்பிவிடுவது நல்லது. ஜூம் லென்ஸாக வாங்கியதன் பயனும் அதுவே.

குழுப் படத்தில் ஓரத்தில் நிற்பவர்கள் ஏன் பருத்துத் தெரிகிறார்கள்?

இது லென்ஸின் கோளாறு அல்ல. நேர்க்கோட்டை நேர்க்கோடாகக் காட்டுவதற்கு விலை உண்டு என்று மேலே சொன்னேனே, அந்த விலை இதுதான். அகன்ற கோணத்தை ஒரு தட்டையான சென்சாரில் விரிக்கும்போது, நடுவிலிருந்து விலக விலக ஒவ்வொரு உருவமும் வெளிப்பக்கமாக இழுபடும். சுவர், கதவு, தரை போன்ற தட்டையான பொருட்கள் கேமராவுக்கு நேராக இருந்தால் இந்த இழுப்பு தெரியாது. உருண்டையான பொருட்களில்தான் தெரியும். மனிதத் தலையும் உடலும் உருண்டையானவை.

கணக்கு இப்படி வரும். 24 மி.மீ.யில் படத்தின் இடது அல்லது வலது ஓரத்தில் இருக்கும் தலை, உயரத்தைப்போல் 1.25 மடங்கு அகலமாகத் தெரியும். 16 மி.மீ.யில் ஒன்றரை மடங்கு. 14 மி.மீ.யில் 1.6 மடங்கைத் தாண்டும்; அதே 14 மி.மீ.யில் மூலைக்குப் போனால் 1.8 மடங்கு, அதுவும் மூலையை நோக்கிச் சாய்வாக இழுபட்டிருக்கும். 30 மி.மீ.யிலோ ஓரத்து இழுப்பு 1.17 மடங்குதான், அதை யாரும் கவனிப்பதில்லை.

இதை நான் கணக்குப் போட்டுக் கற்கவில்லை. லென்ஸ் வாங்கிய புதிதில் ஒரு திருமணத்தில், மேடைக்கு முன்னால் நாற்காலிகள் நெருக்கமாக இருந்ததால் பின்னால் போக இடமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, இருபது பேரை 15 மி.மீ.யில் நிற்கவைத்து எடுத்தேன். கேமரா திரையில் எல்லாரும் அழகாக அடங்கியிருந்தார்கள். ஆல்பம் அச்சாகிப் போனபின் வலது ஓரத்தில் நின்ற பெரியம்மா ஒருவர் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்து, "என்ன தம்பி, எல்லாரும் அப்படியே இருக்காங்க, என்னை மட்டும் இழுத்து வச்சிருக்கீங்களே" என்றார். அவருடைய பட்டுப்புடவையின் கரை கூடப் பக்கவாட்டில் அகன்றிருந்தது. இப்போதெல்லாம் நாற்காலிகளை நானே இரண்டு வரிசை நகர்த்திவிட்டு, 28 அல்லது 30 மி.மீ.யில் எடுக்கிறேன்.

இதைப் பற்றி ஒரு தவறான அறிவுரையும் உலவுகிறது: ஆட்களைக் கேமராவைச் சுற்றி அரைவட்டமாக நிறுத்தினால் எல்லாரும் சம தூரத்தில் இருப்பார்கள், எனவே சரியாகிவிடும் என்பார்கள். அப்படிச் செய்தால் ஓரத்தில் நிற்பவர்கள் படத்தின் தளத்துக்கு இன்னும் நெருங்கிவிடுவதால் இழுபடுவதோடு பெரிதாகவும் ஆகிவிடுவார்கள். இந்த லென்ஸுக்கு நேர் வரிசைதான் ஏற்றது. வேறு வழியே இல்லாமல் அகலத்தில் எடுக்க நேர்ந்தால், இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் வெற்றிடம் விட்டு எடுத்துப் பின்னால் வெட்டிக்கொள்ளுங்கள்.

தூண்களும் சுவர்களும் உள்பக்கமாகச் சாய்ந்து விழுவதைத் தவிர்க்க முடியுமா?

முடியும். கேமராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் மேலே ஒன்றையொன்று நோக்கிச் சாயும். குனிந்து பிடித்தால் கீழே சாயும். எந்த லென்ஸிலும் இது நடப்பதுதான் என்றாலும், 14 மி.மீ.யில் இரண்டு பாகை சாய்த்தாலே கண்ணை உறுத்தும். கேமராவில் இருக்கும் மட்டக்கோட்டைத் திரையில் வரவழைத்து, அது பச்சையாகும் வரை டிரைபாடைச் சரிசெய்வதே தீர்வு.

அப்படிச் செய்தவுடன் அடுத்த சிக்கல் வரும். கண் உயரத்தில், அதாவது ஒன்றரை மீட்டர் உயரத்தில், கேமராவை மட்டமாக வைத்து 14 மி.மீ.யில் எடுத்தால் உங்கள் காலடியிலிருந்து ஒன்றே முக்கால் மீட்டர் தள்ளித் தொடங்கும் தரை முழுவதும் படத்தில் வந்துவிடும். காரைக்குடிப் பக்கத்தில் ஒரு பழைய நகரத்தார் வீட்டின் வளவை (முற்றமும் அதைச் சுற்றிய தூண் தாழ்வாரமும்) எடுத்தபோது இதைக் கண்முன்னே பார்த்தேன். இரண்டு பக்கமும் தேக்குத் தூண்கள் நேராக நின்றன. ஆனால் படத்தின் கீழ்ப்பாதி முழுவதையும் ஆத்தங்குடிக் கற்கள் பிடித்துக்கொண்டன. தூரத்தில் சதுரமாகத் தெரிந்த கற்கள், கீழ் விளிம்பை நெருங்க நெருங்க நீண்டு, கடைசி வரிசையில் விசிறி மடிப்புகளாகப் பரந்திருந்தன. தரையின் வேலைப்பாடுதான் படத்தின் பொருள் என்றால் அது வரம். விதானத்து மர வேலைப்பாட்டைக் காட்டவேண்டும் என்றால் இடைஞ்சல். அன்று டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்திக் கேமராவை இரண்டு மீட்டருக்கு மேல் ஏற்றினேன். பிறகு அதை நெட்டுக்குத்தாகத் திருப்பி எடுத்து, கீழே மிகுந்த தரையை வெட்டிவிட்டேன். கணினியில் நிமிர்த்திக்கொள்ளலாமே என்பவர்களுக்கு: நிமிர்த்தலாம், ஆனால் நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும், காசு கொடுத்து வாங்கிய 14 மி.மீ. அங்கே 16 அல்லது 17 ஆகிவிடும்.

இங்கே ஒரு மனச்சாட்சிக் கேள்வியும் உண்டு. விடுதி அறைகளை இந்த லென்ஸில் எடுத்தால் பத்தடி அறை கல்யாணக் கூடம்போல் தெரியும். வாடகைக்கு விடும் இடங்களை எடுக்கும்போது 20 மி.மீ.க்குக் கீழே நான் போவதில்லை. வந்து தங்குபவர் கதவைத் திறந்ததும் முகம் சுளித்தால், அந்தப் படத்தை எடுத்தவருக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த லென்ஸில் பீப்பாய் வளைவு அதிகம் என்கிறார்களே?

கண்ணாடியை மட்டும் பார்த்தால் உண்மைதான், 14 மி.மீ.யில் ஓரத்து நேர்க்கோடுகள் பீப்பாயின் பக்கம்போல் வெளியே புடைக்கும் வளைவு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த வளைவைச் சரிசெய்வதற்கான தகவலை லென்ஸ் கேமராவிடம் கொடுக்கிறது. கேமரா அதை ஜேபெக் படத்தில் தானே சரிசெய்துவிடும். கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பிலும் அத்தகவல் பதிவாவதால் லைட்ரூம் போன்ற மென்பொருள்கள் திறக்கும்போதே திருத்திவிடும். வியூஃபைண்டரில் நீங்கள் பார்ப்பதும் திருத்திய காட்சியே. இத்திருத்தத்தைச் செய்யாத மென்பொருளில் ரா கோப்பைத் திறந்தவர்கள்தான் திடுக்கிடுகிறார்கள்.

இதை ஏமாற்று என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வளைவைக் கண்ணாடியாலேயே திருத்த முனைந்திருந்தால் லென்ஸ் பருத்திருக்கும், 82 மி.மீ. ஃபில்டருக்கும் இடமிருந்திருக்காது. திருத்தும்போது மூலைகள் இழுபட்டு அங்கே கூர்மை சற்றுக் குறையும் என்பது நியாயமான குறை. எஃப்/8-இல் எடுத்தால் அதில் பெரும்பகுதி சரியாகிவிடுகிறது.

எஃப்/4 போதுமா, எஃப்/2.8 வாங்க வேண்டுமா?

எஃப்/4 லென்ஸுக்குள், எஃப்/2.8-ஓடு ஒப்பிட்டால் பாதி ஒளிதான் நுழையும். கட்டடம், வீட்டு உட்புறம், இயற்கைக் காட்சி ஆகியவற்றை எஃப்/8 அளவில்தான் எடுக்கப்போகிறீர்கள் என்பதால் அங்கே இந்த வேறுபாடு உங்களைத் தொடவே தொடாது. பின்னணியை மங்கலாக்குவதற்காக எஃப்/2.8 வேண்டும் என்பவர்கள் வேறு லென்ஸைத் தேட வேண்டும், 14 மி.மீ.யில் எஃப்/2.8-உம் பெரிதாக மங்கலாக்காது.

பால்வெளியை எடுப்பவர்களுக்கு மட்டும் விடை வேறு. நட்சத்திரங்கள் கோடாக இழுபடாமல் இருக்க, 14 மி.மீ.யில் 20 நொடி அளவில் ஷட்டரை மூடிவிட வேண்டியிருக்கும். அந்த 20 நொடியில் எவ்வளவு ஒளி நுழைகிறது என்பதுதான் எல்லாம். பிப்ரவரி முதல் மே வரை, விடியலுக்கு முந்தைய வேளையில் பால்வெளியின் நடுப்பகுதியைத் தேடி மலைக்கும் கடற்கரைக்கும் தவறாமல் போகிறவர் என்றால் இசட் 14-24 எஃப்/2.8-க்குச் சேமியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை போகிறவர் கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ-வை இரட்டிப்பாக்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இல்லையே?

இல்லை. இசட் 5, இசட் 6, இசட் 7, இசட் 8 போன்ற ஃபுல் ஃப்ரேம் கேமராக்களில் சென்சாரே அசைந்து அந்த வேலையைச் செய்கிறது. இசட் 50, இசட் 30 போன்ற சிறிய சென்சார் கேமராக்களில் அந்த வசதி இல்லை என்பதால் அங்கே கை நடுக்கத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முன்புறமும் பின்புறமும் ஒருசேரக் கூர்மையாக வர எங்கே ஃபோகஸ் செய்வது?

14 மி.மீ., எஃப்/8 என்று வைத்துக்கொண்டு சுமார் 85 செ.மீ. தொலைவில் ஃபோகஸ் செய்தால், ஏறக்குறைய 42 செ.மீ.யிலிருந்து அடிவானம் வரை ஏற்கத்தக்க கூர்மையில் வரும். பெரிய அச்சுக்கு எடுக்கும்போது இந்தக் கணக்கு சற்றுத் தாராளமானது. தொலைவுக் காட்சி முக்கியமென்றால் ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ் செய்வேன். 30 மி.மீ.க்கு வந்துவிட்டால் அதே எஃப்/8-க்கு இந்தத் தொலைவு நாலு மீட்டரை நெருங்கும் என்பதை மறக்க வேண்டாம். கூர்மை கூடும் என்று எண்ணி எஃப்/22 வரை மூடுபவர்களும் இருக்கிறார்கள். அவ்வளவு சிறிய துளை வழியே நுழையும் ஒளி சிதறிப் படம் முழுவதையும் மழுங்கடித்துவிடும்.

எந்த ஃபில்டர் வாங்கலாம்?

கடலலையைப் புகைபோல் காட்ட நினைப்பவர்கள் 82 மி.மீ.யில் மெல்லிய விளிம்பு கொண்ட, ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்றை வாங்கலாம். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினால் 14 மி.மீ.யில் மூலைகள் கறுக்க வாய்ப்புண்டு. பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை வானத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்பேன். சூரியனிலிருந்து 90 பாகை விலகிய பகுதியில்தான் வானம் அதிகமாகக் கருநீலமாகும். 100 பாகைக்கு மேல் அகலம் பார்க்கும் லென்ஸில் அந்தப் பகுதி மட்டும் வானத்தின் நடுவே கறையாக விழுந்து, இரண்டு பக்கமும் வெளிறியிருக்கும். ஈரப் பாறையிலும் இலைகளிலும் உள்ள பளபளப்பைக் குறைக்க அதையே தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஒப்பிடுவதற்காகச் சொல்கிறேன்: இசட் 14-24 எஃப்/2.8-க்கு அதன் தனி ஹூடில் மாட்டும் 112 மி.மீ. ஃபில்டர் தேவை.

சூரியன் படத்துக்குள் வந்தால் என்ன ஆகும்?

இவ்வளவு அகன்ற கோணத்தில் சூரியனையோ மண்டபத்து விளக்கையோ தவிர்ப்பது கடினம். அபெர்ச்சரில் ஏழு இதழ்கள் இருப்பதால் எஃப்/16 அளவில் மூடினால் 14 முனைகள் கொண்ட நட்சத்திரமாகச் சூரியன் விழும். விரலால் சூரியனை மறைத்து ஒரு படமும் மறைக்காமல் ஒரு படமும் எடுத்துவைத்தால், ஒளிப்புள்ளிகள் விழுந்த இடத்தைப் பின்னால் ஒட்டிச் சரிசெய்யலாம். முகப்புக் கண்ணாடியில் விரல் ரேகை இருந்தால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது.

க்ராப் சென்சார் கேமராவில் இதை மாட்டலாமா?

இசட் 50 போன்ற சிறிய சென்சார் கேமராவிலும் மாட்டலாம், 21-45 மி.மீ. லென்ஸாக நடந்துகொள்ளும். அகலத்துக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அது வீண். 2023இல் சிறிய சென்சாருக்கென்றே வந்த நிக்கான் டிஎக்ஸ் 12-28 மி.மீ. பவர் ஜூம் 205 கிராம்தான். அகலமும் அதில் அதிகம், அதிர்வுத் தடுப்பும் உண்டு.

டிஎஸ்எல்ஆர் காலத்து வைட் ஜூம் கைவசம் இருக்கிறது. அடாப்டர் போட்டால் போதாதா?

மோட்டார் உள்ள எஃப் மவுண்ட் லென்ஸ் என்றால், அதை இசட் கேமராவில் பொருத்த உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் நன்றாகவே வேலை செய்யும். கேமராவிலுள்ள மோட்டாரால் திருகப்பட்டு இயங்கிய பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். 2010இல் வந்த 16-35 மி.மீ. எஃப்/4 உங்களிடம் இருந்தால் உடனே மாற்றவேண்டிய அவசரம் இல்லை. ஆனால் 680 கிராம் லென்ஸோடு அடாப்டரின் எடையும் சேரும். நாள் முழுவதும் தோளில் தொங்கும்போது அது தெரியும்.

வேறு நிறுவனக் கேமரா வைத்திருப்பவர்கள் இதற்கு இணையாக எதைப் பார்க்கலாம்?

கேனான் ஆர்எஃப் வரிசையில் 2021இல் வந்த 14-35 மி.மீ. எஃப்/4 மிக நெருக்கமானது. எடை 540 கிராம், ஃபில்டர் 77 மி.மீ., லென்ஸிலேயே அதிர்வுத் தடுப்பும் இருக்கிறது. சோனியில் 2022இல் வந்த 16-35 மி.மீ. எஃப்/4 பவர் ஜூம் 353 கிராம்தான். ஆட்டத்தைத் தடுக்கும் கிம்பல் கருவியில் வைத்து வீடியோ எடுப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன், 14 மி.மீ. வேண்டாம் என்றால். கேனான் 2023இல் 10-20 மி.மீ. எஃப்/4 லென்ஸையும் கொண்டுவந்தது. 10 மி.மீ.யில் உங்கள் டிரைபாடின் கால் படத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்வதே தனி வேலை. கட்டடக்கலைப் படங்களே தொழில் என்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது ஆசைக்குரியது, அவசியத்துக்குரியதல்ல.

கடலோர ஊர்களில் லென்ஸில் பூஞ்சை பிடிப்பதை எப்படித் தடுப்பது?

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் லென்ஸைத் தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்டிவைப்பதுதான் அதைக் கெடுக்கச் சுருக்கமான வழி. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஓர் ஈரப்பதமானியும் போட்டு, 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஜெல்லின் நிறம் மாறியதும் வெயிலில் காயவைப்பதோ வாணலியில் வறுப்பதோ நம் கையில் இருக்கிறது. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வரும்போது பையைத் திறக்காமல் அரைமணி நேரம் பொறுத்திருங்கள். இல்லையென்றால் முகப்புக் கண்ணாடி முழுவதும் பனித்துவிடும். அதைவிட முக்கியமாக, லென்ஸை அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். வெளிச்சமும் காற்றும் படுகிற லென்ஸில் பூஞ்சை எளிதில் ஒட்டாது.

பழைய லென்ஸாக வாங்கும்போது எதைச் சோதிப்பது?

முதலில் மடக்கி விரிக்கும் இடத்தில் மணல் அரைபடும் ஓசை வருகிறதா என்று காதருகே வைத்துக் கேளுங்கள். பின் மூடியைக் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள்; பூஞ்சை இருந்தால் சிலந்தி வலைபோல் நரம்பு நரம்பாகத் தெரியும். இரண்டொரு தூசிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அடுத்த சோதனைக்குத்தான் பலர் சோம்பல்படுகிறார்கள். அகலக் கோண ஜூம் ஒருமுறை கீழே விழுந்தாலே உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மயிரிழை நகர்ந்துவிடும். வெளியே கீறல்கூட இருக்காது. கேமராவை டிரைபாடில் வைத்து, 14 மி.மீ., எஃப்/4-இல், ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருக்கும் ஓர் எழுத்துப் பலகையை நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து, ஃபோகஸைக் கையியக்கத்துக்கு மாற்றிப் பூட்டுங்கள். பிறகு அதே பலகையைப் படத்தின் நாலு மூலைகளுக்கும் கொண்டுபோய் நாலு படம் எடுங்கள். நாலு மூலைகளிலும் எழுத்து ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. மூன்று மூலைகளில் படிக்க முடிந்து, ஒன்றில் மட்டும் எழுத்து எண்ணெய் பட்டதுபோல் பரவியிருந்தால், விற்பவர் எவ்வளவு விலை குறைத்தாலும் மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.